ஜிம்னியை உயர்த்தியாச்சு, ஸ்டீயரிங் அடங்கவில்லையா? அறிகுறியைப் பார்த்துப் பிழையைப் பிடிப்பது

என் சுசுகி ஜிம்னியை 2 அங்குலம் உயர்த்தும் ஸ்பிரிங் மாட்டிய அன்றைக்கு எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். பட்டறையிலிருந்து நேராக வீல் அலைன்மென்ட் கடைக்கு வண்டியை விட்டேன். திரையில் மூன்று கட்டம் சிவப்பு. கடைத் தம்பி கீழே போய் டை ராடைத் திருப்பி, ஒரு கட்டத்தைப் பச்சையாக்கிவிட்டு மேலே வந்தான். "டோ வந்துருச்சுங்கண்ணா. கேஸ்டர்ல நம்ம கையில ஒண்ணுமில்லைங்க." காசு கொடுத்துவிட்டு சேலம் ரோட்டில் ஏறினேன். 80-ஐத் தாண்டியதும் ஸ்டீயரிங் வெண்ணெயில் விட்ட கரண்டி மாதிரி ஆகிவிட்டது. பிடித்தால் நிற்கிறது, விட்டால் எங்கேயோ போகிறது.

அந்தத் தம்பி பொய் சொல்லவில்லை. ஜிம்னியின் முன் ஆக்சிலில் அலைன்மென்ட் கடைக்காரர் திருப்பக்கூடியது டோ, அதாவது முன் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ பார்த்து நிற்கும் அளவு, ஒன்றுதான். வண்டியை உயர்த்தும்போது கெடுவதோ மற்ற மூன்று. அதனால் ஸ்டாக் வண்டிக்குப் பழகிய கையோடு அலைன்மென்ட்டில் தொடங்கக் கூடாது. அலைன்மென்ட் கடை பிறகுதான்.

ஏன் என்று ஒருமுறை புரிந்துகொண்டால் கீழே உள்ள எல்லாம் தானாக வரும். ஜிம்னிக்கு முன்னாலும் பின்னாலும் முழு ஆக்சில், அதாவது இரு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே விறைப்பான துண்டு. முன் ஆக்சிலைச் சேசிஸோடு பிடித்திருப்பவை பின்னோக்கிப் போகும் இரண்டு லீடிங் ஆர்ம், குறுக்கே ஒரு பான்ஹார்ட் ராடு. சுசுகி இதை லேட்டரல் ராடு என்கிறது. ஸ்டீயரிங் பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போவது டிராக் லிங்க். உயரமான ஸ்பிரிங் போட்டால் ஆக்சில் தரையிலேயே இருக்கிறது, சேசிஸ் மட்டும் மேலே போகிறது. இடையில் உள்ள ஒவ்வொரு கம்பியும் கதவு கீலில் சுழல்வது போல ஒரு வளைவில்தான் நகர முடியும். லீடிங் ஆர்ம் சுழல்வதில் ஆக்சில் முன்னோக்கி உருண்டு கேஸ்டர், அதாவது சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு, குறைகிறது. பான்ஹார்ட் ராடு செங்குத்தாக ஆக ஆக ஆக்சிலை ஒரு பக்கம் இழுக்கிறது. டிராக் லிங்க் அதே காரணத்தால் ஸ்டீயரிங் வீலைக் கோணலாக்குகிறது. டை ராடு இரண்டு முன் சக்கரத்துக்கும் இடையே ஆக்சிலோடு ஆக்சிலாகவே இருப்பதால், நியாயமாக டோ மாறக் காரணமே இல்லை. கடையில் திருத்தித் தந்தது லிஃப்டால் கெடாத ஒன்றை.

வேலை வரிசை இப்படி: முதலில் ஆக்சிலை நடுவில் கொண்டு வருவது, அடுத்து கேஸ்டர், அடுத்து டோ, அதற்குப் பின் டிராக் லிங்க்கில் ஸ்டீயரிங்கை நேராக்குவது, எல்லாம் முடிந்ததும் ஸ்கேனர் போட்டு ஸ்டீயரிங் கோண சென்சாரைச் சரிசெய்வது. ஒன்றை மாற்றி முன்னால் செய்தால் செய்ததையே திரும்பச் செய்ய வேண்டிவரும்.

இனி அறிகுறிகள்.

எதுவும் தொடுவதற்கு முன்: வண்டி விறைப்பாக, எதிர்பார்த்ததைவிட உயரமாக நிற்கிறது

இதை யாரும் ஸ்டீயரிங் கோளாறாக எண்ணுவதில்லை. ஆனால் நான் பார்த்த வண்டிகளில் பாதிக்கு மேல் இதிலிருந்துதான் வினை தொடங்குகிறது. பட்டறையில் வண்டியை லிஃப்டில் ஏற்றி, ஆக்சில் தொங்கிக்கொண்டிருக்கும்போதே ஆர்ம், பான்ஹார்ட் ராடு போல்ட் எல்லாவற்றையும் முறுக்கிவிடுகிறார்கள். மூட்டுகளில் உள்ள ரப்பர் புஷ்ஷின் உள் குழாய் அந்த நிலையிலேயே கவ்விக்கொள்ளும். வண்டி தரையில் இறங்கியதும் எல்லாப் புஷ்ஷும் முறுகிய நிலையிலேயே நிற்கும். ரப்பர், ஸ்பிரிங் வேலையைச் சேர்த்துச் செய்கிறது. சில ஆயிரம் கிலோமீட்டரில் கிழியவும் செய்கிறது.

சரிசெய்ய ஒரு ரூபாய் செலவில்லை. வண்டியைச் சமதரையில் நான்கு சக்கரத்தில் நிறுத்துங்கள். ஆர்ம், பான்ஹார்ட் ராடு நட்டுகளை எல்லாம் ஒரு சுற்று தளர்த்துங்கள், கழற்ற வேண்டாம். பம்பரில் ஏறி நின்று நாலைந்து முறை அழுத்தி ஆட்டிவிடுங்கள். சில சமயம் புஷ் விடுபடும்போது 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். அப்படியே தரையில் வைத்தே டார்க் ரெஞ்சால் மேனுவல் சொல்லும் அளவுக்கு முறுக்குங்கள். இதைச் செய்த பிறகு அளப்பதுதான் அளவு. அதற்கு முன் அளந்ததெல்லாம் கணக்கில் சேராது.

ஒரு பக்க டயர் வெளியே துருத்துகிறது

வண்டிக்கு முன்னால் பத்தடி தள்ளி நின்று பார்த்தாலே சிலருக்குத் தெரிந்துவிடும். அளக்க வேண்டுமென்றால் ஃபென்டர் விளிம்பிலிருந்து நூலில் ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிட்டு, நூலுக்கும் டயர் ஓரத்துக்கும் உள்ள தூரத்தை இடமும் வலமும் எடுங்கள்.

எவ்வளவு நகரும் என்பதற்கு ஒரு கணக்கு. ராடு 850 மி.மீ. நீளம், ஸ்டாக் நிலையில் ஒரு முனை மறுமுனையைவிட 60 மி.மீ. உயரத்தில் இருக்கிறது என்று வையுங்கள். வண்டியை 50 மி.மீ. தூக்கினால் அந்த 60 என்பது 110 ஆகும். ராடின் குறுக்கு நீளம் 848-இலிருந்து 843-க்கு வரும். அந்த 5 மி.மீ. ஆக்சில் நகர்ந்த தூரம். எந்தப் பக்கம்? ராடின் சேசிஸ் முனை எந்தப் பக்கமோ அந்தப் பக்கம். உங்கள் ராடை டேப் வைத்து அளந்து இதே கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு வழுக்கல் இருக்கிறது. ஆக்சில் 5 மி.மீ. நகர்ந்தால் ஒரு பக்கம் 5 கூடும், மறுபக்கம் 5 குறையும். இரண்டுக்கும் வித்தியாசம் 10 காட்டும். 10-ஐப் பார்த்துவிட்டு ராடை 10 நீட்டினால் ஆக்சில் அந்தப் பக்கம் 5 போய் நிற்கும். வித்தியாசத்தில் பாதிதான் நீட்ட வேண்டும். முதல் தடவை நானும் முழுசாக நீட்டிவிட்டு, நூல்தான் கோணலோ என்று அரைமணி நேரம் நூலைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

அட்ஜஸ்ட் செய்யக்கூடிய ராடு வாங்கினால் முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று. 5 மி.மீ.க்குக் குறைவான நகர்வைக் கண்ணால் பார்க்க முடியாது, ஓட்டத்திலும் தெரியாது. 1 அங்குல லிஃப்டுக்கு இந்தச் செலவு வீண் என்பது என் எண்ணம்.

வண்டி நேராகப் போகிறது, ஸ்டீயரிங் வீல் மட்டும் கோணல்

எளிதான பிழை இதுதான். அதிகம் கெடுக்கப்படுவதும் இதுதான். டிராக் லிங்க்கின் நீளத்தைத் திருத்தினால் முடிந்தது. ஆனால் சில கடைகளில் ஸ்டீயரிங் வீலையே கழற்றி, ஸ்ப்லைனில் ஒரு பல் தள்ளி மாட்டி, "நேராயிடுச்சு பாருங்க" என்பார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். வீலுக்குப் பின்னால் ஏர்பேக்கின் சுருள் கேபிள் இருக்கிறது. ஸ்டீயரிங் எத்தனை டிகிரி திரும்பியிருக்கிறது என்று பார்க்கும் சென்சாரும் அங்கேதான். அதோடு, ஸ்டீயரிங் பாக்ஸ் தன் நடு நிலையில்தான் இறுக்கமாக இருக்கும்படி செய்யப்பட்டது. வீலை மட்டும் நேராக்கினால் பாக்ஸ் நடுவிலிருந்து தள்ளியே இருக்கும். நேர் ரோட்டில் ஆட்டம் தெரியும், ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் திரும்பும்.

முறை: முந்தின நாள் இரவே டிராக் லிங்க்கின் லாக் நட்டுகளில் துரு நீக்கும் எண்ணெய் அடித்து வையுங்கள். மறுநாள் வண்டியை நேராக உருட்டி வந்து நிறுத்துங்கள். ஜாக்கி வேண்டாம். லாக் நட்டுகளைத் தளர்த்தி, நடுக்குழாயைக் கால் சுற்றுக் கால் சுற்றாகத் திருப்புங்கள். சக்கரம் தரையில் அழுந்தி நிற்பதால் திரும்பப்போவது உள்ளே இருக்கும் ஸ்டீயரிங் வீல்தான். யாரையாவது உள்ளே உட்கார வைத்துச் சொல்லச் சொல்லுங்கள். என் வீட்டில் அந்த வேலை மகளுக்கு. "இன்னும் கொஞ்சம்ப்பா… போதும், போதும், தாண்டிருச்சு!" லாக் நட்டை முறுக்கும்போது இரு முனைப் பந்து மூட்டுகளும் ஒரே சாய்வில் நிற்கிறதா என்று பாருங்கள். ஒன்று இந்தப் பக்கமும் மற்றது அந்தப் பக்கமும் முறுகி நின்றால், காட்டில் ஆக்சில் சாயும்போது மூட்டு முட்டும்.

வேறு வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. பழைய டிஜே ரக ஜீப் ரேங்லர் போன்றவற்றில் டை ராடு, டிராக் லிங்க்கின் நடுவில் வந்து சேரும். அங்கே ஒன்றைத் திருப்பினால் டோவும் மாறும். திருப்பும் முன் குனிந்து பார்த்துவிடுங்கள்.

இ.எஸ்.பி. (வழுக்கல் தடுப்பு) விளக்கு எரிகிறது, அல்லது வளைவில் வண்டி தானாகப் பிரேக் பிடிக்கிறது

மேலே சொன்ன கோணலின் தங்கச்சி இது. வண்டி நேராகப் போகிறது, சென்சாரோ "டிரைவர் 8 டிகிரி திருப்பியிருக்கிறார்" என்கிறது. கம்ப்யூட்டர், வண்டி வழுக்குகிறது என்று முடிவுகட்டி ஒரு சக்கரத்தைப் பிடிக்கிறது. வால்பாறை ஏறும்போது 40 கொண்டை ஊசியிலும் இதை அனுபவித்தவர் ஒருவர், "பேய் பிடிச்ச மாதிரி இழுக்குதுங்க" என்றார். முதலில் டிராக் லிங்க், பிறகு ஸ்கேனர் போட்டு ஸ்டீயரிங் கோண சென்சாரைப் பூச்சியத்துக்குக் கொண்டுவருவது. தலைகீழாகச் செய்தால் கோணலையே நேர் என்று வண்டிக்குக் கற்றுக்கொடுத்ததாகிவிடும்.

80-க்கு மேல் மிதக்கிறது, வளைவு முடிந்தும் ஸ்டீயரிங் தானாகத் திரும்பி வரவில்லை

கேஸ்டர். வேறெதையும் தேடாதீர்கள், டயர் காற்று சரியாக இருந்தால்.

சைக்கிளின் முன் ஃபோர்க் சாய்ந்திருப்பதால்தானே கையை விட்டு ஓட்ட முடிகிறது. ஜிம்னியின் முன் சக்கரம் திரும்பும் அச்சும் அதேபோல மேல் முனை பின்னோக்கிச் சாய்ந்திருக்கிறது. உயர்த்தும்போது லீடிங் ஆர்ம் அந்தச் சாய்வைத் தின்றுவிடுகிறது. எவ்வளவு தின்றது என்று வீட்டிலேயே கணக்கிடலாம்: உயர்த்திய மில்லிமீட்டரை ஆர்மின் நீளத்தால், அதாவது சேசிஸ் புஷ்ஷிலிருந்து ஆக்சில் நடு வரை உள்ள மில்லிமீட்டரால், வகுத்து 57-ஆல் பெருக்குங்கள். ஆர்ம் 700 என்று வைத்தால் 50 மி.மீ. லிஃப்டுக்கு 4 டிகிரி. 25 மி.மீ.க்கு 2. ஸ்டாக்கிலேயே கையிருப்பு அதிகமில்லாத கோணத்திலிருந்து 4 டிகிரி போனால் மிச்சம் என்ன இருக்கும்?

நேரடியாக அளக்க அலைன்மென்ட் கடையில் சக்கரத்தைத் தட்டில் வைத்து இடமும் வலமும் திருப்பி எடுக்க வேண்டும். திருத்த முடியாத கோணம் என்பதால் பல கடைகளில் இந்தப் படியைத் தாண்டிவிடுவார்கள். "கேஸ்டர் ஸ்விங் எடுத்து பிரின்ட் குடுங்க, திருத்த வேண்டாம்" என்று கேட்டு வாங்குங்கள். இன்னும் லிஃப்ட் போடாதவர்களுக்கு ஒரு யோசனை: டிஜிட்டல் கோணமானியை ஆக்சிலில் ஏதாவது தட்டையான இடத்தில் வைத்துப் போட்டோ எடுத்து வையுங்கள். பின்னால் அதே இடத்தில் வைத்தால் எவ்வளவு மாறியது என்று நேராகத் தெரியும்.

மீட்க மூன்று வழி. ஆர்மின் ஆக்சில் முனையில் இருக்கும் புஷ்களை எடுத்துவிட்டு, துளை நடுவில் இல்லாத ஆஃப்செட் புஷ் போடுவது ஒன்று. சேசிஸ் முனையை ஒரு பிராக்கெட் வைத்துக் கீழே இறக்குவது இன்னொன்று. ஆர்மையே மாற்றுவது மூன்றாவது. பிராக்கெட் மலிவு, ஒரு மதியத்தில் முடியும், ஆனால் வண்டியிலேயே பாறை முதலில் முட்டும் இடத்தில் தொங்கும். உயரத்துக்காகத்தானே இவ்வளவும், அதையே ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்? ஆர்ம் மாற்றுவது நல்லது, விலைதான் கசப்பு. நான் போனது ஆஃப்செட் புஷ்.

புஷ் போடும்போது ஹைட்ராலிக் பிரஸ் உள்ள பட்டறையாகப் பாருங்கள், சுத்தியலால் அடித்து ஏற்றுகிறவரிடம் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு புஷ்ஷின் முகத்திலும் அம்புக்குறியோ வெட்டோ இருக்கும். ஓர் ஆர்மில் இரண்டு புஷ், ஒன்றில் துளை மேலேயும் மற்றதில் கீழேயும் வரவேண்டும். இரண்டையும் ஒரே பக்கம் பார்க்கப் போட்டால் கேஸ்டர் துளிகூட மாறாது. தலைகீழாகப் போட்டால் மிச்சமிருந்ததும் போகும். இடது ஆர்மில் ஒரு மாதிரி, வலது ஆர்மில் வேறு மாதிரி போட்டுவிட்டால் இரண்டும் ஆக்சிலை எதிரெதிராக முறுக்கும். பிரஸ்ஸுக்குள் போகும் முன் நான்கிலும் மார்க்கரால் கோடு போட்டு, ஆர்மை வண்டியில் பிடித்துப் பார்த்து, அதன்பிறகே அழுத்தச் சொல்லுங்கள். பட்டறை அண்ணன் முகம் சுளிப்பார். பரவாயில்லை.

ஒரு பக்கம் இழுக்கிறது

நம் ஊரில் சாலை இடப்பக்கம் சரிந்திருக்கும், தண்ணீர் வடிவதற்காக. லேசாக இடப்பக்கம் போவது கோளாறில்லை. அதைத் தாண்டி இழுத்தால் இந்த வரிசையில் பாருங்கள், செலவில்லாதது முதலில்.

காற்று. பிறகு முன் டயர் இரண்டையும் இடம் வலம் மாற்றிப் போடுங்கள். இழுப்பும் பக்கம் மாறினால் குற்றம் டயருடையது. பிறகு பத்து கிலோமீட்டர் பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டி, வீலின் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் அனல் அடித்தால் காலிப்பர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிறகு டேப்: இடது முன் வீலின் நடுவிலிருந்து இடது பின் வீலின் நடு வரை, அதேபோல வலது. 5 மி.மீ.க்கு மேல் வித்தியாசமென்றால் ஆக்சில் குறுக்காக நிற்கிறது. கேஸ்டர் இரு பக்கமும் ஒன்றாக இல்லையென்றால் குறைவாக உள்ள பக்கம் இழுக்கும்.

இதற்கெல்லாம் பிடிபடாத ஒன்று இருக்கிறது. ஸ்டீயரிங் அதிர்வை அடக்கும் குட்டி ஷாக்கான ஸ்டீயரிங் டாம்பரை, பெரிதாக, பளபளவென்று மாற்றினீர்களா? கேஸ் நிரப்பிய டாம்பர் தன் தண்டை எப்போதும் வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். அதுவே வண்டியை ஒரு பக்கம் தள்ளலாம். ஒரு முனையைக் கழற்றிப் பத்திரமாகக் கட்டிவிட்டு, ஆளில்லாத ரோட்டில் 30-இல் ஓட்டிப் பாருங்கள். இழுப்பு நின்றால் விடை கிடைத்துவிட்டது.

60-க்கும் 80-க்கும் நடுவே, ஒரு பள்ளத்தில் விழுந்ததும் முன்பக்கம் முழுக்க வெறி பிடித்து ஆடுகிறது

ஆங்கிலத்தில் இதற்கு வைத்த பேர் 'டெத் வாபிள்', பேரிலேயே சாவு இருக்கிறது. முதல் முறை வந்தபோது ஏன் என்று புரிந்தது. பாலத்தின் இணைப்பில் 'தட்' என்று ஏறினேன். அடுத்த நொடி ஸ்டீயரிங் கையை உதறிவிட்டு இடமும் வலமும் அடித்துக்கொண்டது. டேஷ்போர்டே இரண்டாகத் தெரிந்தது.

அப்போது செய்ய வேண்டியது: ஸ்டீயரிங்கை உறுதியாகப் பிடித்து, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, வேகம் தானாகக் குறையவிடுவது. பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள், ஸ்டீயரிங்கோடு மல்லுக்கட்டாதீர்கள். 40-க்குக் கீழே வந்தால் அடங்கிவிடும்.

இதற்கு ஒற்றைக் காரணம் கிடையாது. ஏதோ ஒன்று ஆட்டத்தைத் தொடங்கிவைக்கிறது, அது டயர் பாலன்ஸாக இருக்கலாம், பள்ளமாக இருக்கலாம். தேய்ந்து தளர்ந்த இன்னொன்று அதை நிற்கவிடாமல் வளர்க்கிறது. டாம்பர் மாற்றினால் நிற்கும். ஆனால் அது வலிமாத்திரை. ஆறு மாதத்தில் அந்த டாம்பரும் போகும், அதற்குள் துளைகளும் நீள்வட்டமாகியிருக்கும்.

தேடும் முறை. வண்டி தரையில், எஞ்சின் ஓடட்டும், ஹேண்ட்பிரேக் போட்டு சக்கரத்துக்குக் கல் வையுங்கள். உள்ளே ஒருவர் ஸ்டீயரிங்கைக் கடிகாரத்தில் 11-க்கும் 1-க்கும் இடையே விடாமல் ஆட்டட்டும். நீங்கள் கீழே படுத்து ஒவ்வொரு மூட்டாகக் கையை வைத்துப் பாருங்கள். பந்து மூட்டு திரும்பலாம், மேலும் கீழும் துள்ளக் கூடாது. பான்ஹார்ட் ராடின் இரு முனையிலும் அதிக நேரம் செலவிடுங்கள். புஷ் ரப்பர் நெளியலாம். ஆனால் போல்ட்டுக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர் அசைவுகூட இருக்கக் கூடாது.

என் வண்டியில் கையில் எதுவும் தட்டுப்படவில்லை. டார்ச் அடித்தபோதுதான் கண்ணில் பட்டது: ஆக்சில் முனை போல்ட்டின் தலையைச் சுற்றிக் கறுப்புப் பெயிண்ட் தேய்ந்து, நூல் அகலத்துக்கு ஒரு வெள்ளி வளையம். போல்ட் இறுக்கமாகத்தான் இருந்தது, கையால் ஆட்டினால் அசையாது. ஓட்டத்தில் மட்டும் உள்ளே தேய்த்துக்கொண்டே இருந்திருக்கிறது. கழற்றினால் துளை நீள்வட்டம். லிஃப்ட் போட்ட பட்டறையில் அந்த நட்டுக்கு டார்க் ரெஞ்சைக் காட்டவே இல்லை. பிராக்கெட் துளையைச் சீர்செய்து, வாஷர் வைத்து வெல்டிங் செய்து, புதுப் போல்ட் போட வேண்டியதாயிற்று.

அங்கே ஒன்றுமில்லையென்றால் கிங்பின் பேரிங், அதாவது சக்கரம் இடம் வலம் திரும்பும் அச்சின் பேரிங். சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து உள்ளே வெளியே ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால், ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். இப்போது நின்றுவிட்டால் வீல் பேரிங், நிற்கவில்லையென்றால் கிங்பின். ஜிம்னியில் கிங்பின் இறுக்கத்தை ஷிம் என்ற மெல்லிய தகட்டை எடுத்துத்தான் திருத்த வேண்டும். டை ராடைக் கழற்றிவிட்டு, ஸ்பிரிங் தராசைச் சக்கரத்தைத் தாங்கும் நக்கிளில் மாட்டி இழுத்து, திரும்பத் தொடங்கும் விசையை மேனுவலோடு ஒப்பிட வேண்டும். கையால் 'கொஞ்சம் டைட்டா இருக்கு' என்பது அளவாகாது.

டயரையும் வீலையும் விட்டுவிடக் கூடாது. ஜிம்னியின் 195/80 ஆர்15 டயர் ஏறத்தாழ 693 மி.மீ. உயரம். 235/75 ஆர்15 போட்டால் 733. கிட்டத்தட்ட 6 சதவீதம் பெரிது, எடையும் அதற்கு மேல். ஸ்பீடோமீட்டரும் அதே அளவு குறைத்துக் காட்டும். ஸ்டாக் வீல் 5.5 அங்குல அகலம், ஆஃப்செட் (வீலின் நடுவிலிருந்து ஹப்பில் பொருந்தும் முகம் தள்ளியிருக்கும் தூரம்) +5 மி.மீ. அகலமாகத் தெரிய வேண்டுமென்று மைனஸ் ஆஃப்செட் வீல் போட்டால், டயர் தரையைத் தொடும் இடம் கிங்பின் கோட்டிலிருந்து வெளியே போகும். ஒவ்வொரு கல்லுக்கும் நெம்புகோல் நீளமாகிறது. மட் டயரை ஒவ்வொரு 5,000 கிலோமீட்டருக்கும் பாலன்ஸ் செய்யாமல் ஆட்டத்துக்குக் காரணம் தேடுவது வீண் வேலை.

பள்ளத்தில் இறங்கி ஏறும்போது ஸ்டீயரிங் தானாக வெட்டுகிறது

வண்டிக்கு முன்னால் போய்க் குனிந்து பாருங்கள். பான்ஹார்ட் ராடும் டிராக் லிங்க்கும் இணையாக இருக்கின்றனவா? ஸ்டாக்கில் அப்படித்தான் வைத்திருப்பார்கள். இரண்டும் ஒரே வளைவில் ஏறி இறங்கினால் ஸ்டீயரிங்குக்குச் செய்தி போகாது. வெறும் ஸ்பிரிங் மாற்றினால் இரண்டும் சேர்ந்தே சாயும், இணை கெடாது. கெடுப்பது ஒன்றை மட்டும் மாற்றுவது. ராடின் ஆக்சில் முனையை உயர்த்தும் பிராக்கெட் போட்டுவிட்டு டிராக் லிங்க்கைக் கண்டுகொள்ளாமல் விட்டால் வெட்டு நிச்சயம். பிராக்கெட்டைக் கழற்றிவிட்டு அட்ஜஸ்ட் ராடுக்குப் போங்கள்.

ஃபோர்-ஹையில் (நான்கு சக்கரமும் இழுக்கும் நிலை) மட்டும் வண்டியின் உள்தரையில் ஓர் அதிர்வு

டூ-ஹையில் முன் ஹப் விடுபட்டிருப்பதால் முன் புரொப்பெல்லர் ஷாஃப்ட் சுற்றாது, அதிர்வும் இருக்காது. கேஸ்டரை மீட்க ஆக்சிலைப் பின்னோக்கி உருட்டினோமே, அப்போது டிஃபரன்ஷியலின் மூக்கு கீழே போயிருக்கும். யூனிவர்சல் ஜாயின்ட் கூடுதல் கோணத்தில் சுற்றுகிறது. இதற்குக் கொடுக்கல் வாங்கல்தான், முழுத் தீர்வு இல்லை. போன 4 டிகிரியையும் மீட்க ஆசைப்படாமல் இரண்டரை, மூன்றோடு நிறுத்தினால் நெடுஞ்சாலையும் சரி, ஷாஃப்ட்டும் சரி. 2 அங்குலத்துக்கு மேல் உயர்த்தாதீர்கள் என்பேன், அதற்கு இதுவே முக்கியக் காரணம்.

டோ: கேஸ்டருக்குப் பின், டிராக் லிங்க்குக்கு முன்

ஆக்சிலும் கேஸ்டரும் சரியானதும் போங்கள் அலைன்மென்ட் கடைக்கு. போக முடியாவிட்டால் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிச் சுற்றவிட்டு, டயரின் நடுவில் ஆணியால் மெல்லிய கோடு கீறுங்கள். இறக்கி, வண்டியை இரண்டடி உருட்டி நிறுத்தி, இரு டயர்க் கோடுகளுக்கும் இடையே ஹப் உயரத்தில் முன்னாலும் பின்னாலும் டேப் பிடியுங்கள். முன்னளவு பின்னளவைவிட 2 மி.மீ. குறைவாக இருந்தால் போதும். கடைத் திரை டிகிரியில் காட்டும். 700 மி.மீ. டயருக்கு மொத்த டோ 0.1 டிகிரி என்பது 1.2 மி.மீ. டயரின் உள் ஓரமோ வெளி ஓரமோ ரம்பப் பல் மாதிரி தேய்ந்தால் டோவைத் திரும்பப் பாருங்கள்.

ஜிப்சி, தார் வைத்திருப்பவர்களுக்கு

ஜிப்சியில் லீஃப் ஸ்பிரிங். ஸ்பிரிங் முனையைச் சேசிஸோடு பிடிக்கும் ஷாக்கிளை நீளமாகப் போட்டு உயர்த்தினால், ஷாக்கிள் ஸ்பிரிங்கின் முன் முனையில் இருந்தால் கேஸ்டர் குறையும், பின் முனையில் இருந்தால் கூடும். குறைந்ததை ஆப்பு வடிவ ஷிம் வைத்துத் திருத்தலாம். ஆப்பின் தடித்த பக்கம் மாறிப்போனால் பிழை இரட்டிக்கும், எனவே ஒரு பக்கம் வைத்துக் கோணமானியில் பார்த்த பிறகே யூ போல்ட்டை முறுக்குங்கள்.

2020-இல் வந்த தாருக்கு முன்னால் முழு ஆக்சிலே கிடையாது, இரட்டை விஷ்போன். மேலே சொன்னதில் முன் பான்ஹார்ட், லீடிங் ஆர்ம் எதுவும் அதற்குப் பொருந்தாது. அங்கே உயர்த்தினால் டோவும் கேம்பரும்தான் (சக்கரத்தின் உள்-வெளிச் சாய்வு) உடனே மாறும். அலைன்மென்ட் கடைக்கு முதலில் போக வேண்டிய வண்டி அது. ஷாக் மேலே 20 மி.மீ. ஸ்பேசர் வைத்தால் சக்கரத்தில் அதைவிட அதிகம் உயரும் என்பதையும், டிரைவ் ஷாஃப்ட்டின் ரப்பர் பூட் மடிப்புகள் ஒன்றோடொன்று உரசுகின்றனவா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, வண்டியைத் தயாரிப்பாளர் குறித்த அமைப்பிலிருந்து மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. ஜனவரி 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதியாகச் சொன்னது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பது இதைத்தான். தெரிந்தே செய்யுங்கள்.

எல்லா வேலையும் முடிந்ததும் ஒவ்வொரு நட்டிலிருந்தும் பிராக்கெட் வரை வெள்ளை பெயிண்ட் மார்க்கரால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். 500 கிலோமீட்டர் கழித்து டார்ச்சோடு படுத்துப் பாருங்கள். கோடு உடைந்திருந்தால் அந்த நட்டு நகர்ந்திருக்கிறது. என் வண்டியில் பதினான்கு கோட்டில் ஒன்று உடைந்திருந்தது. மறுபடியும் அதே பான்ஹார்ட் ராடு, இந்த முறை சேசிஸ் முனை.